நல்ல காலில் போட்ட கேப்

தேனியில் டாக்டர் என் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் சொருகிவிட்டு, "எந்த முட்டி வலிக்குது?" என்று கேட்டார். "இடது சார்" என்றேன். அவர் ஃபிலிமின் ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஃபிலிமைப் பார்த்தார்.

"இது வலது முட்டியோட ஸ்கேன் ஆச்சே" என்றார்.

எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வந்திருந்தேன். "கால மாத்தி எடுத்துட்டாக சார். அது நல்ல காலு. அத விட்டுருங்க, இடது முட்டியக் கையால அமுக்கிப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு இது புதுச் செய்தி. என்னையே முறைத்தாள்.

டாக்டர் பேனா முனையை ஃபிலிமின் மேல் வைத்தார். "இதையா நல்ல கால்னு சொல்றீங்க?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். இங்கே சவ்வு கிழிந்திருக்கிறது. இங்கே குருத்தெலும்பு தேய்ந்து எலும்பு தெரிகிறது. இந்த வெளிப்பக்கத்தில் எலும்பில் பழைய அடியின் தடம், அதன் மேலேயே இன்னொன்று. "ரொம்ப வருசமா ஒரே இடத்துல அடி வாங்கியிருக்கு. யாரு அடிச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கால் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. குறைந்தபட்சம், வலித்ததாக நான் நினைத்ததில்லை. அதைச் சொன்னதும் அவர், "வலிச்சிருக்கும். உங்க கவனம் பூரா இடது கால்ல இருந்திருக்கும். அதுக்குப் போட்ட மாத்திரை இதோட வலியையும் சேத்து அமுக்கியிருக்கும்" என்றார். நான் இரண்டு கைகளாலும் வலது முட்டியைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

இந்த விவகாரம் புரிய வேண்டுமானால் நான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கத்தோலிக்க ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்து ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் வந்தபோதே கால்பந்தும் வந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்திலும் நாங்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தோம். நான் ஆறடி உயரம். பதினேழு வயதிலிருந்து ஊர் அணியின் ஸ்டாப்பர். அதாவது, நடுவில் நின்று எதிராளியை கோல் பக்கம் போகவிடாமல் மறிக்கிறவன். ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேஷன் கடையில்கூட, "ஸ்டாப்பரு, ஒங்க கார்டக் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். நாற்பத்தொரு வயதிலும் அந்தப் பெயருக்காகவே ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் போனால் அந்தப் பெயர் போய்விடும். அதன்பின் நான் ஒன்றரை ஏக்கர் திராட்சையோடு நிற்கும் ஒரு நெட்டையன், அவ்வளவுதான்.

இடது முட்டி போனது பத்து வருடத்துக்கு முன்னால், மழை ஈரம் காயாத மைதானத்தில் தனியாகப் பழகும்போது. பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு பாதம் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முருங்கைக்காயை ஒடித்தது போல் ஒரு சத்தம். நாட்டுக் கட்டு கட்டி, மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்து எழுந்தேன். நடக்க முடிந்தது, மெதுவாக ஓடவும் முடிந்தது. ஆனால் முட்டியை முழுக்க மடக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தேங்காய் அளவுக்கு வீங்கும்.

வலியைவிட எனக்குப் பெரிய பயம் வேறு ஒன்று. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எதிர் அணியில் எவன் முட்டியில் கேப் போட்டிருக்கிறான் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மருந்துக்கடையில் விற்கிற அந்தக் கறுப்பு நிற முட்டி உறையைத்தான் கேப் என்கிறோம். கேப் இருந்தால் அங்கே கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். முதல் கால் மணி நேரத்துக்குள் பந்தோடு சேர்த்து அந்த முட்டியில் ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும். அதன்பின் அவன் என் பக்கம் வரவே மாட்டான். இதைத் தப்பு என்று நான் நினைத்ததே இல்லை. ஸ்டாப்பர் வேலை என்றுதான் நினைத்தேன்.

அதனால் எனக்கே முட்டி போனபோது, இனி எல்லாரும் என் முட்டிக்குத்தான் குறிவைப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு தந்திரம் செய்தேன். இடது முட்டியில் எதையும் போடாமல் வெறுமனே விட்டேன். நன்றாக இருந்த வலது முட்டியில் கேப்பை மாட்டிக்கொண்டேன். மிதிக்கிறவன் இதை மிதிக்கட்டும், இரும்பு மாதிரி இருக்கிறது, தாங்கும். யாராவது, "என்ன ஸ்டாப்பரு, முட்டியில கோளாறா?" என்று கேட்டால் வலது காலைத் தட்டி, "ஆமா" என்பேன். மைதானத்தில் நொண்ட வேண்டி வந்தாலும் வலது காலைத்தான் நொண்டினேன். என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் இது தெரியாது என்பதில் எனக்குப் பெரிய கர்வம். தந்திரம் பலித்தது. பத்து வருடமாக எல்லா அடியும் கேப்பின் மேலேயே விழுந்தது.

ஸ்கேன் எடுத்த இடத்தில் நடந்ததும் இதனால்தான். வெளியூர் போனால்கூட அந்தக் கேப்பை மாட்டிக்கொண்டு போவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, டாக்டர் சீட்டு இல்லாமல் நேராகப் போயிருந்தேன். அங்கிருந்த பையன் என் கேப்பைத் தொட்டு, "இந்த முட்டிதானண்ணே?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஆமா" என்றேன். பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. இயந்திரத்துக்குள் படுத்து அது தடதடவென்று சத்தம் போடத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். ஆறடி ஆள் தனக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று தெரியாமல் படுத்திருக்கிறான் என்று அந்தப் பையன் சிரிப்பானே என்று பேசாமல் கிடந்தேன்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "நாலு புள்ளைகளப் பெத்தவளுக்குக்கூட எங்கன வலிக்குதுன்னு சொல்லத் தெரியும். ஒங்களுக்கு ஒங்க காலு தெரியல" என்றாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்தான். கோபத்தில் எண்ணிக்கை ஏறிவிடும். பஸ்ஸில் வீரபாண்டி தாண்டி, சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் வரைக்கும் இரண்டு முட்டிகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்லது என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

டாக்டர் ஆடவே கூடாது என்று சொல்லவில்லை. "இப்படியே ஆடுனீங்கன்னா அம்பது வயசுக்குள்ள ரெண்டு முட்டியையும் மாத்த வேண்டி வரும். தொடைச் சதைய வலுவாக்குங்க. எடையக் குறைங்க. வலி மாத்திரையப் போட்டுட்டு மைதானத்துல எறங்குற வேலையே வேணாம். ஏழு வாரம் பாப்போம்" என்றார். ஏழு வாரத்தில் கிறிஸ்துமஸ் வாரத்து ஆட்டம் இருந்தது. எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வருடா வருடம் நடப்பது. அன்றைக்குக் காலையில் இரண்டு அணிகளும் ஜெர்சி போட்டுக்கொண்டு ஒரே கோயிலில் பூசை பார்த்து, சாமியாரிடம் மந்திரித்த தண்ணீர் தெளிப்பு வாங்கிக்கொண்டுதான் மைதானத்துக்குப் போக வேண்டும். அந்த ஆட்டத்துக்கு நான் இறங்காத வருடம் இல்லை. இந்த வருடம் இறங்காவிட்டால் என் இடத்தில் வேறொருத்தன் நிற்பான், பிறகு அவன்தான் ஸ்டாப்பர்.

வாரத்துக்கு மூன்று நாள் அல்லிநகரத்தில் ஒரு பிசியோதெரபி இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் வேலை வாங்குவதில் தயவு தாட்சண்யம் கிடையாது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்தது போல் நிற்கச் சொன்னாள். அரை நிமிடத்தில் என் தொடை நடுங்கியது. "இருவது வருசமா ஃபுட்பால் ஆடுனேன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே மறுநாள் முக்கால் நிமிடம் நின்றேன். வீட்டில் கணுக்காலில் உப்புப் பாக்கெட்டுகளைக் கட்டி, காலை நீட்டி நீட்டித் தூக்கினேன். ஓட்டத்துக்குப் பதிலாகக் காமயகவுண்டன்பட்டி வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். சாயங்காலம் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன்.

தோட்டத்திலும் வேலையை மாற்றிக்கொண்டோம். திராட்சைப் பந்தல் என் உயரத்துக்குப் போட்டதல்ல. குலை தலையில் இடிக்காமல் இருக்க, பதினைந்து வருடமாக முட்டியை அரைகுறையாக மடக்கிக்கொண்டேதான் நடந்திருக்கிறேன். அதைக் கேட்ட பிசியோ பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதன்பின் நின்று செய்யும் வேலையெல்லாம் என் மனைவிக்கு, ஸ்டூலில் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது எனக்கு என்றானது. மைதானத்திலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பழகும்போது பந்தின் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டு, பந்து எங்கே வரும் என்று யோசித்து முன்கூட்டியே அங்கே போய் நிற்கப் பழகினேன். பாதி ஓட்டம் மிச்சமானது. இத்தனை வருடம் கால் இருந்ததால் மூளையைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது.

நான்காவது வாரம் பிசியோ இடத்தில் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான். பார்த்தால் அடுத்த ஊர் ஃபார்வர்டு. பத்துப் பன்னிரண்டு வருடமாக அவன் கோல் அடிக்க வருவதும் நான் மறிப்பதுமாக இருந்த ஆள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊர் வழக்கப்படி ஒருவரை ஒருவர் மாப்பிள்ளை முறை சொல்லிக் கூப்பிடுவோம். அவன் இடது முட்டியில் வலிக்குக் கரண்டு வைத்திருந்தார்கள். அவனுடைய கேப் நாற்காலியில் தொங்கியது.

"என்ன மாப்ள, இங்கன?" என்றான்.

அவனைப் பார்த்ததும் எனக்கு ஸ்கேன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து வருட ரகசியத்தை எதிராளியிடமே உடைப்பதில் ஒரு சந்தோஷம். நல்ல காலில் கேப் போட்டு உங்கள் ஊரையே ஏமாற்றினேன் மாப்ள, கடைசியில் ஸ்கேன்காரனும் ஏமாந்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிப்பான், ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அது தெரியுமே" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஒனக்கு இடது காலுதான் கோளாறுன்னு. எங்க டீம் பூராத்துக்கும் தெரியும்."

"எப்படிரா?"

"ஏன் மாப்ள, ஆட்டத்தன்னைக்குப் பூசையில எந்தக் கால்ல முட்டி போடுற நீ?"

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோயிலில் எல்லாரும் முழந்தாள்படியிடுவார்கள். எனக்கு இடது முட்டி மடங்காது. அதனால் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு வலது முட்டியை மட்டும் தரையில் ஊன்றுவேன். கேப் போட்ட அதே முட்டியை. ஜெர்சியோடு, இரண்டு அணிகளுக்கும் நடுவில், பத்து வருடமாக. கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்தவனுக்கு, பின் வரிசையில் பதினொரு பேர் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

"மொத வருசமே சிரிச்சிட்டோம். சாமியாருகூடப் பாத்துருப்பாக" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரிஞ்சுமா வலது காலையே போட்டு மிதிச்சீக? ஃபிலிமப் பாத்தியா நீ? உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல" என்று கத்தினேன். பிசியோ பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவன் முகம் மாறிவிட்டது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அதுதான நல்ல காலு" என்றான் மெதுவாக. "அங்கன பட்டா ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சோம் மாப்ள. இடது கால்ல பட்டா நீ எந்திரிக்கவே மாட்டேல்ல. ஸ்டாப்பரோட இடது காலுப் பக்கம் எவனும் போகக் கூடாதுன்னு, புதுசா டீமுக்கு வர்ற பயலுக ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லித்தான் எறக்குவோம்."

பத்து வருடமாக என் தந்திரம்தான் என் இடது காலைக் காப்பாற்றியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றியது இவர்கள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பார்த்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "சரி, ஒனக்கு எந்தக் காலு?" என்று கேட்டேன்.

"இதான், இடது. ஏழெட்டு வருசமாச்சு. கொறைய மாட்டேங்குது."

"நீ கேப் போடுற அதே காலா?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "வலிக்கிற கால்லதான மாப்ள கேப்பு போடுவாக?" என்றான்.

நான் நாற்காலியில் தொங்கிய அந்தக் கேப்பைப் பார்த்தேன். ஓரம் பிய்ந்து, கறுப்பு வெளுத்துப் போயிருந்தது. அதன் மேல் என் பூட்ஸ் எத்தனை தடவை பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருமுறை பெனால்டி கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தவன் முட்டியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் எழவில்லை. நடிக்கிறான் என்று ரெஃப்ரியிடம் நான்தான் கத்தினேன். அது வேண்டுமென்றே விட்ட உதை என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவன் கரண்டு முடிந்து, கேப்பை மாட்டிக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்குப் பாப்போம் மாப்ள. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படி இறங்கிப் போனான். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் இறக்கி வைத்தான்.

ஏழாவது வாரம் டாக்டர் என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரம். ஒரு நிமிசம்கூட அதிகமாக் கூடாது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி அரை மணி நேரம் இறங்குவது என்று ஊரில் முடிவானது. இந்த வருடம் இறங்கிவிட்டால் அடுத்த வருடமும் அரை மணி நேர ஸ்டாப்பராக இருக்கலாம், அதற்கடுத்த வருடமும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆட்டத்தன்று பூசையில் எல்லாரும் முழந்தாள்படியிட்டபோது நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு முட்டிகளிலும் கேப் இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ கிசுகிசுத்தது கேட்டது. நான் திரும்பவில்லை.

நான் இறங்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், நான் நன்றாகவே ஆடினேன். ஓடாமல், பந்து வரும் இடத்தில் முன்னாலேயே போய் நின்றேன். இரண்டு கார்னரைத் தலையால் வெளியேற்றினேன். "ஸ்டாப்பரு, ஸ்டாப்பரு" என்று ஊர்ப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வலி இல்லை. மாத்திரை போடாமலே வலி இல்லை. ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது கணக்கு வாத்தியார் பந்தோடு தனியாக வந்தான்.

எனக்கும் அவனுக்கும் இடையில் வேறு ஆள் இல்லை. பந்து அவன் இடது காலுக்கு வெளியே கொஞ்சம் நீண்டுவிட்டது. அதை எட்டி எடுக்க ஒரே வழிதான், அந்த முட்டியோடு சேர்த்து எடுப்பது. என் கால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது, இத்தனை வருடப் பழக்கம். அந்த வெளுத்த கேப் என் கண்ணுக்கு நேரே வந்தது. அப்போதுதான் காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். பின்னால் வலை ஆடியது. அடுத்த ஊர்க்காரர்கள் கத்தியது மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் பக்கம் சத்தமே இல்லை. பிறகு யாரோ ஒருவர், "ஸ்டாப்பர் முடிஞ்சாச்சுப்பா" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. எங்கள் கேப்டன் மூச்சு வாங்க ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் என் முட்டிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "என்னண்ணே, காலு வரலையா? முட்டி புடிச்சிருச்சா?" என்று கேட்டான்.

இரண்டு முட்டிகளும் நன்றாகத்தான் இருந்தன.

"ஆமா" என்றேன்.